நூலகத்தில் ஒரு மேசையும் ஒரு மண்டபமும்: யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கொழும்பில் 11 வருடம் இருந்துவிட்டுப் போன வருடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் வாடகைக்கு வந்தோம். வந்து மூன்றாம் மாதம், சனிக்கிழமை காலையில் அயல் பிள்ளைகள் 15 பேரை இருத்திக் கதைப் புத்தகம் வாசிக்க ஓர் இடம் தேடினேன். வீட்டு விறாந்தை போதவில்லை. நூலகத்தில் சின்ன மண்டபம் ஒன்று சும்மா கிடக்கிறது, கேட்டால் தருவார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. கேட்டேன், தந்தார்கள், ஆனால் அதற்குள் ஏழு கிழமை போய்விட்டது, ஆறு தடவை அலைந்தேன். யாரும் வேண்டுமென்று அலைக்கழிக்கவில்லை. எந்தக் கதவைத் தட்ட வேண்டும், எந்தக் கடதாசி கையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல ஓர் ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் முறை அதே மண்டபத்தை எட்டு நாளில் எடுத்தேன். அந்த எட்டு நாள் வழியைத்தான் கீழே எழுதுகிறேன்.

1. அது யாருடைய நூலகம் என்று முதலில் பாருங்கள்

இதில்தான் எனக்கு இரண்டு கிழமை போனது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள் (பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி), 13 பிரதேச சபைகள் இருக்கின்றன. பொது நூலகங்கள் பெரும்பாலும் இவற்றின் கீழ்தான் நடக்கின்றன. யாழ். பொது நூலகம் மாநகர சபையுடையது, சுன்னாகம் பொது நூலகம் வலிகாமம் தெற்குப் பிரதேச சபையுடையது. அங்கத்துவம், மண்டபம், கட்டணம் எல்லாம் அந்தந்தச் சபையின் தீர்மானம். ஒரு சபையின் விதி பக்கத்துச் சபைக்குப் பொருந்தாது.

எல்லை விஷயத்தில் புதியவர்கள் நன்றாகக் குழம்புவார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மாநகர சபை எல்லைக்குள் வருகிறது, நல்லூர் பிரதேச சபையின் அலுவலகமோ கோண்டாவிலில் இருக்கிறது. பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலி மாநகர சபைக்குள் இல்லை, நல்லூர் பிரதேச சபைக்குள். முகவரியில் "யாழ்ப்பாணம்" என்று எழுதுவதால் நீங்கள் மாநகர சபைக்காரர் ஆகிவிட மாட்டீர்கள். வீட்டுக்காரரிடம் "சோலைவரி எங்கே கட்டுகிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அது வீட்டுக்காகச் சபைக்குக் கட்டும் வரி, அவர் சொல்லும் சபைதான் உங்கள் சபை.

இன்னொரு வகை, ஊருக்கு ஊர் இருக்கிற சனசமூக நிலையம். எல்லாரும் வாசிகசாலை என்றுதான் சொல்வார்கள். அதைத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஒரு நிர்வாகம் நடத்தும். அங்கே மண்டபம் வேண்டுமானால் சபைக்குப் போகத் தேவையில்லை, செயலாளரைப் பின்னேரத்தில் வாசிகசாலையிலேயே பிடிக்கலாம். 20 பேருக்குக் குறைந்த கூட்டம் என்றால் முதலில் இதைத்தான் கேட்கச் சொல்வேன், செலவும் குறைவு, அலைச்சலும் குறைவு.

நகரத்தில் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் உயரமாக நிற்கிற பண்பாட்டு மையத்தையும், சற்றுத் தள்ளி இருக்கிற வீரசிங்கம் மண்டபத்தையும் நூலகத்தின் மண்டபங்கள் என்று நினைத்து நூலகரிடம் கேட்கிறவர்கள் உண்டு. அவை வேறு நிர்வாகம், அங்கேயே போய்க் கேட்க வேண்டும்.

2. இருந்து படிக்க மட்டும் என்றால் கடதாசி ஒன்றும் வேண்டாம்

பத்திரிகைப் பகுதியிலும் வாசிப்பு மேசையிலும் போய் இருக்க அங்கத்துவம் பொதுவாகக் கேட்க மாட்டார்கள். வாசலில் இருக்கும் பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டுப் போகலாம். பையை வெளியில் வைக்கச் சொல்வார்கள், அதனால் காசு, போன், அடையாள அட்டை மூன்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உசாத்துணைப் பகுதிக்குள் சொந்தப் புத்தகம் கொண்டுபோக விடாத நூலகங்கள் உண்டு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் தங்கள் கொப்பியோடு போய்த் திரும்பி வந்த கதை நிறைய. "சொந்தக் கொப்பி வைத்துப் படிக்க எந்த மேசை?" என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

பத்திரிகை மேசைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எங்கள் நூலகத்தில் காலை 8.30க்கே வந்துவிடும் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், உதயனை எடுத்ததும் மரண அறிவித்தல் தாளை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத் தாள்களைப் பிரித்து மேசையில் விடுவார். மற்றவர்கள் ஆளுக்கொன்று எடுப்பார்கள், வாசித்து முடிந்ததும் ஒழுங்காக அடுக்கித் தடியில் செருகிவிடுவார்கள். முழுப் பத்திரிகையையும் ஒருவர் கையில் வைத்திருந்தால் முகம் சுளிப்பார்கள். வேலை தேடுகிறவர்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைக் கேளுங்கள், மேசையில் இல்லாவிட்டாலும் உள்ளே வைத்திருப்பார்கள்.

சாதாரண தரம், உயர்தரப் பரீட்சைகள் நெருங்கும் கிழமைகளில் 9 மணிக்குப் பிறகு போனால் கதிரை கிடைக்காது. அந்த நாள்களில் வாசிகசாலை நல்லது, பின்னேரமும் திறந்திருக்கும்.

3. அங்கத்துவம்: பிணையாளரில்தான் சிக்கல்

புத்தகம் இரவல் எடுக்க வேண்டும் என்றால்தான் அங்கத்துவம். கொண்டுபோக வேண்டியவை இவை: தேசிய அடையாள அட்டையும் அதன் போட்டோக்கொப்பியும், கிராம அலுவலரின் வதிவிடச் சான்று, நூலகம் தரும் விண்ணப்பப் படிவம், கேட்டால் கொடுக்க இரண்டு படம், பிணையாளரின் கையொப்பம், அவரது சோலைவரிப் பற்றுச்சீட்டு. பிள்ளைகளுக்கு என்றால் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியோ பாடசாலைக் கடிதமோ கேட்பார்கள்.

அடையாள அட்டையில் கொழும்பு முகவரி, இருப்பது இங்கே வாடகைக்கு, இதுதான் என் நிலை. உங்களுக்கும் அப்படி என்றால் கிராம அலுவலரிடம் போகும்போது வாடகை உடன்படிக்கையும் வீட்டுக்காரர் கைப்பட எழுதிய கடிதமும் கொண்டுபோங்கள். கிராம அலுவலர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார், வெளிக்கள வேலை இருக்கும். கதவில் ஒட்டியிருக்கும் நாள்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் வீண் நடை மிச்சம்.

பிணையாளர் அந்தச் சபை எல்லைக்குள் சோலைவரி கட்டுகிறவராக இருக்க வேண்டும் என்றார்கள். நான் என் மாமாவைக் கூட்டிப் போனேன். மாமா வரி கட்டுகிறார், ஆனால் பற்றுச்சீட்டில் இருப்பது காலமான அம்மப்பாவின் பெயர், வீட்டு உறுதி இன்னும் மாற்றவில்லை. படிவம் திரும்பி வந்தது. இங்கே பாதி வீடுகள் இப்படித்தான், உரிமைக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், வரிச்சீட்டில் பாட்டனார் பெயர் இருக்கும். அதனால் பிணைக்கு ஆள் கேட்கிறபோது ஆளின் நல்ல மனதை மட்டும் பார்க்காமல், சீட்டில் யார் பெயர், எந்த வருடச் சீட்டு, நிலுவை இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். அரசாங்க உத்தியோகத்தரைப் பிணையாக ஏற்றுக்கொள்வீர்களா என்றும் கேளுங்கள். எனக்கு அது சரிவந்தது, பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் ஆசிரியர், அவரின் கையொப்பமும் பாடசாலை முத்திரையும் போதும் என்றார்கள்.

காசு பெரிதாக இல்லை. நான் கட்டியது மீளத் தரும் வைப்பு 500 ரூபா, வருடச் சந்தா 100 ரூபா. அட்டை வர ஒன்பது நாள். சபைகள் கட்டணத்தைப் புது வருட வரவு செலவோடு மாற்றும் என்பதால் ஜனவரியில் சேர்கிறவர்கள் போன வருடத் தொகையை நம்பிப் போக வேண்டாம்.

ஒரு சின்ன உதவிக் குறிப்பு. அலுமாரியில் புத்தகங்கள் பாட வகுப்பு எண்படி இருக்கும்: தமிழ் இலக்கியம் 894.811இல் தொடங்கும், இலங்கை வரலாறு 954.93. இந்த இரண்டு எண்ணும் தெரிந்தால் அரைவாசித் தேடல் முடிந்த மாதிரி. இரவல் தராத பழைய உள்ளூர் வெளியீடு ஏதாவது வீட்டில் வைத்து வாசிக்க வேண்டும் என்றால் 'நூலகம்' என்ற பெயருடைய நிறுவனத்தின் இணைய நூலகத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள், நான் தேடிய இரண்டு பழைய மலர்களும் அங்கே கிடைத்தன.

4. மண்டபம் கேட்க முன் ஒருதரம் உள்ளே போய்ப் பாருங்கள்

கடிதம் எழுத முதல் இதைச் செய்யுங்கள். நூலகரிடம் "மிஸ், மண்டபத்தை ஒருக்காப் பார்க்கலாமா?" என்று கேட்டால் திறந்து காட்டுவார்கள். பார்க்க வேண்டியவற்றை எழுதி வைத்துக்கொண்டு போங்கள்: கதிரை எத்தனை, அதில் உடையாதவை எத்தனை, மின்விசிறி சுற்றுகிறதா, குடிக்கிற தண்ணீர் எங்கே, மலசலகூடத் திறப்பு யாரிடம், சக்கரநாற்காலி ஏற வழி உண்டா, சைக்கிள் விட நிழல் உண்டா. வளவுக்குள் கிணறு இருந்தால் கட்டின் உயரத்தையும் மூடியையும் பாருங்கள், சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்களுக்கு இது மற்ற எல்லாவற்றிலும் முக்கியம்.

பிளக்கைக் கட்டாயம் பாருங்கள். முதல் நிகழ்ச்சியன்று இரவல் வாங்கிய மல்டிமீடியா புரொஜெக்டரை மேசையில் வைத்து வயரை எடுத்தால் அதில் சதுர முள், 13 அம்பியர். சுவரில் இருந்தது பழைய வட்டத் துளை. பிள்ளைகள் பாயில் இருந்து அண்ணாந்து வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் அடப்டருக்காகச் சந்திக் கடைக்கு ஓடுகிறேன், கடை இன்னும் திறக்கவில்லை. அன்று படம் காட்டவே இல்லை, புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துத்தான் வாசித்தேன். இப்போது என் பையில் இரண்டு வகை அடப்டரும் ஐந்து மீற்றர் நீட்டு வயரும் எப்போதும் இருக்கின்றன.

5. கடிதம்: யாருக்கு, என்ன எழுதுவது

நான் முதல் கடிதத்தை நூலகருக்கு எழுதி நூலகத்தில் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் போய்க் கேட்டால், "பிள்ளை, நான் இதுக்கு அனுமதி தர ஏலாது, சபையிலைதான் குடுக்கோணும்" என்றா. அவ சொன்னது சரி. சபை நூலகம் என்றால் கடிதம் சபையின் செயலாளருக்கு (மாநகர சபை என்றால் ஆணையாளருக்கு) எழுத வேண்டும், "நூலகர் ஊடாக" என்று மேலே போட்டு நூலகரின் கையொப்பத்தை முதலில் வாங்கிக்கொண்டால் கோப்பு திரும்பி வராது. தவிசாளருக்கு ஒரு பிரதி கொடுப்பது நல்லது.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"தங்கள் சபையின் கீழ் உள்ள நூலக மண்டபத்தை வரும் … ஆம் திகதி சனிக்கிழமை காலை 8.30 முதல் 12.30 வரை சிறுவர் கதை வாசிப்புக்காகத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். பங்குபற்றுவோர் 15 சிறுவர், 6 பெரியவர். அனுமதி இலவசம். ஒலிபெருக்கி பாவிக்க மாட்டோம். மின்விசிறி, விளக்கு, 25 கதிரைகள், மலசலகூடம் தேவை. மண்டபத்தைத் துப்புரவாக ஒப்படைப்பேன்."

கீழே முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கையொப்பம். நேரம் எழுதும்போது ஆயத்தம் செய்யும் நேரத்தையும் கூட்டித் துப்புரவாக்கும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். நிகழ்ச்சி 9.30க்கு என்று 9.30 போட்டால் காவலாளி 9.30க்குத்தான் கதவு திறப்பார். "இலவசம்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், கட்டணம் அறவிடாத சிறுவர் நிகழ்ச்சிக்குக் கழிவு தருகிற சபைகள் உண்டு, எழுதாவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், "பரவாயில்லை, வைச்சிட்டுப் போங்கோ" என்றாலும், முத்திரை இல்லாமல் வெளியே வர வேண்டாம். என் முதல் கடிதம் எங்கே போனது என்று கேட்க என்னிடம் ஒரு சான்றும் இருக்கவில்லை.

குறைந்தது மூன்று கிழமை முன்னதாகக் கொடுங்கள். நான்காம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு, எட்டாம் நாள் நேரில் ஒரு நடை. அதற்குள் பெரும்பாலும் பதில் இருக்கும்.

6. காசு கட்டுவது

அனுமதி கிடைத்ததும் சபையின் காசாளர் கருமபீடத்தில் கட்ட வேண்டும். பழையவர்கள் "சிறாப்பரிட்டைக் கட்டுங்கோ" என்பார்கள், அதே இடம்தான். நூலகத்தில் யாரிடமும் கையில் காசு கொடுக்க வேண்டாம். மூன்று மணிக்குப் பிறகு கருமபீடத்தில் கணக்கு முடிக்கத் தொடங்கிவிடுவார்கள், காலையில் போங்கள், சில்லறையாகக் கொண்டுபோங்கள்.

நான் அரை நாளுக்கு 2,500 ரூபா வாடகையும் 3,000 ரூபா வைப்பும் கட்டினேன். சொல்கிற தொகை வரி சேர்த்தா சேர்க்காமலா, மின்சாரம் தனியா, துப்புரவுக் கூலி தனியா, நேரம் கூடினால் மணிக்கு எவ்வளவு என்ற நான்கையும் கருமபீடத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனியுங்கள். முதல் முறை பற்றுச்சீட்டை எங்கள் வாசிப்பு வட்டத்தின் பெயரில் எழுதச் சொன்னேன். வைப்புப் பணம் காசோலையாகத் திரும்பி வந்தது, காசோலையிலும் வட்டத்தின் பெயர். அந்தப் பெயரில் எங்களுக்கு வங்கிக் கணக்கே இல்லை. அதை மாற்றி எழுதுவிக்க ஒரு கடிதம், ஒரு சத்தியக் கடதாசி, இன்னும் ஐந்து கிழமை. பதிவு செய்து கணக்குத் திறந்த அமைப்பு என்றால் சரி, இல்லாவிட்டால் அடையாள அட்டையில் இருக்கும் உங்கள் பெயரை எழுத்துப் பிசகாமல் போடுவியுங்கள்.

பற்றுச்சீட்டு கைக்கு வரும் வரை வட்ஸ்அப்பில் திகதி அறிவிக்காதீர்கள்.

7. வேறு அனுமதிகள்

ஒலிபெருக்கி பாவித்தால் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் அனுமதி எடுக்க வேண்டும், மண்டப அனுமதிக் கடிதத்தின் பிரதி கேட்பார்கள். ரிக்கற் விற்றால் சபைக்குக் கேளிக்கை வரி வரும். இரண்டும் இல்லாத சின்னக் கூட்டம் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

8. திகதி தெரிவு செய்யும்போது

போயா நாளில் நூலகம் பூட்டு, நாள்காட்டியைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளை மறிப்பார்கள், அந்தப் பக்கம் மண்டபம் எடுத்தால் பெற்றோர் பிள்ளைகளை இறக்கிவிட முடியாமல் திண்டாடுவார்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், நூலகங்கள் தாங்களே போட்டிகளும் கண்காட்சியும் வைப்பதால் மண்டபம் கிடைப்பது கடினம், ஆனால் உங்கள் நிகழ்ச்சியை அவர்களுடையதோடு சேர்த்து நடத்தலாமா என்று ஓகஸ்டிலேயே கேட்டால் வாடகை இல்லாமலே நடக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் இந்த வருடம் அப்படித்தான் செய்தோம். நவம்பர், டிசம்பர் மாரியில் தகரக் கூரை மண்டபங்களில் மழை கொட்டினால் குரல் கேட்காது, வளவுக்குள் வெள்ளமும் நிற்கும். அந்த மாதங்களில் உள்வாசிப்பு அறையைக் கேளுங்கள்.

9. அன்றைக்கும் அதற்குப் பிறகும்

முதல் நாள் பின்னேரம் காவலாளியைக் கண்டு நேரத்தை நினைவூட்டுங்கள், மலசலகூடத் திறப்பையும் அப்போதே கேளுங்கள். எங்கள் நூலகத்தில் அது ஒரு பூவரசம் தடியில் கட்டி நூலகரின் லாச்சிக்குள் இருக்கும், சனிக்கிழமை அவ லீவு. பதினைந்து பிள்ளைகளோடு இதை அன்று காலை கண்டுபிடிப்பது நல்லதல்ல. உள்ளே போனதும் உடைந்த கதிரை, கீறல் விழுந்த சுவர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். திரும்பும்போதும் அதே இடங்களை எடுங்கள். தேத்தண்ணியும் வடையும் வெளி விறாந்தையில் வைத்துக்கொள்ளுங்கள், புத்தகம் இருக்கும் இடத்துக்குள் எறும்பு வந்தால் அடுத்த முறை மண்டபம் இல்லை.

முடிந்ததும் கூட்டி, கதிரை அடுக்கி, காவலாளியிடம் "ஒப்படைத்தார்" என்று பதிவேட்டில் கையொப்பம் வாங்குங்கள். அந்தக் கையொப்பம் இல்லாமல் வைப்புப் பணம் அசையாது.

கடிதத்துக்குப் பதிலே வராவிட்டால் முத்திரை குத்திய பிரதியோடு நினைவூட்டல் கடிதம் ஒன்று கொடுங்கள். அதற்கும் பேச்சு இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் கடிதத்தின் நிலை என்ன, மண்டபக் கட்டண விபரம் என்ன என்று சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுத்தில் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாள்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை, நினைவூட்டலோடு காரியம் முடிந்தது.

வைப்புப் பணம் திருப்பிக் கேட்கவும் ஒரு கடிதம் வேண்டும், தானாக வராது. பற்றுச்சீட்டின் மூலப் பிரதியைக் கேட்பார்கள், கொடுக்க முன் போட்டோக்கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை எனக்கு 23 நாளில் வந்தது. ஒரு மாதம் தாண்டினால் காலை 10 மணிக்கு முன் கணக்குப் பகுதிக்குப் போய்ப் பற்றுச்சீட்டு இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.